பேசின விலை பேசினபடி நிற்கணும்

(சேலம் அம்மாபேட்டையில் நடந்த விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"உரத்துக்கும் கரண்டுக்கும் போராடுற சங்கம் செல்போன் கம்பெனியோட ஏன் மல்லுக்கு நிக்குது?" என்று சில பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மற்றதைப் பேசுவோம்.

இன்னிக்கு நம்ம காட்டில் செல்போன் இல்லாமல் எந்த வேலை நடக்குது? குச்சிக்கிழங்கு பிடுங்கணும்னா சேகோ மில்லுக்குப் போன் போட்டு விலை கேட்கிறோம். தக்காளியை எந்த மண்டிக்கு ஏத்தலாம்னு விடியக்காலம் போனில்தான் முடிவு பண்றோம். கிசான் பணம் 2,000 ரூபாய் வரணும்னா ஓ.டி.பி. வரணும். பேங்குல பணம் ஏறினது, எடுத்தது எல்லாம் எஸ்.எம்.எஸ்.தான். இதுக்கெல்லாம் மேலே, கிணத்து மோட்டாரை எடுத்துக்குங்க. நடுராத்திரி மும்முனை மின்சாரம் வந்தால் பாம்பு பூச்சிக்குப் பயந்துகிட்டு பேட்டரி லைட்டோட போன காலம் போய், செல்போன் ஸ்டார்ட்டர் வந்திருக்கு. வீட்டில் இருந்தே ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடுது. அந்த ஸ்டார்ட்டருக்குள்ளே இருப்பதும் ஒரு சிம் கார்டு. அதுக்கும் மாசாமாசம் தீனி போடணும். ஆக, செல்போன் இன்னிக்கு நமக்குக் கடப்பாரை மண்வெட்டி மாதிரி ஒரு விவசாயக் கருவி. அதன் விலை ஏறினால் சாகுபடிச் செலவு ஏறுது. அதனால்தான் சங்கம் பேசுது.

கணக்கு என்ன சொல்லுது?

2024 ஜூலை 3-ம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும் விலையை ஏத்தின. மறுநாள் 4-ம் தேதி வோடஃபோன் ஐடியா ஏத்தியது. முன்னறிவிப்பு எத்தனை நாள்? ஜூன் 27, 28-ல் அறிவிப்பு, ஒரு வாரம்கூட இல்லை. ஏர்டெல்லில் 28 நாளைக்கு 179 ரூபாயாக இருந்தது 199 ஆச்சு. தினமும் 1 ஜி.பி. நெட் வர்ற 265 ரூபாய் பேக் 299 ஆச்சு. ஜியோவில் 155 ரூபாய் பேக் 189, 239 ரூபாய் பேக் 299.

இருபது ரூபாய், முப்பது ரூபாய்தானேன்னு நினைக்க வேண்டாம். காலண்டரில் 12 மாசம். ஆனா 28 நாள் கணக்குப்படி வருசத்துக்கு 13 ரீசார்ஜ். ஒரு வீட்டில் பையனுக்கு 265 ரூபாய் பேக், பெரியவருக்கு பட்டன் போனில் 179 ரூபாய் பேக் என்று வைத்துக்கொள்வோம். ஏத்துறதுக்கு முன்னால் 3,445-ம் 2,327-ம் சேர்ந்து வருசத்துக்கு 5,772 ரூபாய். ஏத்தின பிறகு 3,887-ம் 2,587-ம் சேர்ந்து 6,474 ரூபாய். கிசான் பணம் வருசத்துக்கு எவ்வளவு? 6,000. மத்திய சர்க்கார் மூணு தவணையில் நம்ம கணக்கில் போடுகிற பணம் முழுசும் ரெண்டு போனுக்கே பத்தலை. மோட்டார் ஸ்டார்ட்டர் சிம் கணக்கு இதில் சேரலை.

இன்னொரு கணக்கும் பாருங்க. இந்தியாவில் 2003 மே 1-ம் தேதியில் இருந்து இன்கமிங் காலுக்குக் காசு இல்லை. கூப்பிடுறவன்தான் கொடுக்கணும். அதுக்கப்புறம்தான் ஏழை பாழைகள் கையிலும் செல்போன் வந்தது. 2018 கடைசியில் ஏர்டெல், வோடஃபோன் ஐடியா கம்பெனிகள் 28 நாளைக்கு 35 ரூபாய் கட்டாயம் போடணும்னு கொண்டுவந்தன. போடலைன்னா முதலில் அவுட்கோயிங் போகும், அப்புறம் இன்கமிங்கும் போகும். கணக்கில் பேலன்ஸ் இருக்கிறவங்களையும் துண்டிக்கப் பார்க்கிறார்கள் என்று புகார் வந்து, 2018 நவம்பரில் டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே கம்பெனிகளிடம் கேள்வி கேட்டது. அந்தக் குறைந்தபட்ச ரீசார்ஜ் ஏர்டெல்லில் 2019 டிசம்பரில் 45 ஆச்சு. 2021 ஜூலையில் 79, அதே வருசம் நவம்பரில் 99. 2022 கடைசியில் இருந்து மாநிலம் மாநிலமாக 155. 2024 ஜூலையில் 28 நாளைக்கு 199. இப்போ அதில் அளவில்லாமல் பேசலாம் என்கிறார்கள், உண்மைதான். ஆனா பேசவே பேசாத மோட்டார் ஸ்டார்ட்டருக்கு அளவில்லாப் பேச்சு எதுக்குங்க? வெளியூரில் இருக்கிற மகள் கூப்பிட்டால் எடுத்துப் பேச மட்டுமே போன் வைத்திருக்கிற பாட்டிக்கு எதுக்குங்க? 2003-ல் இலவசமான இன்கமிங்கை 2018-ல் புறவாசல் வழியாக மறுபடி விலைக்கு வித்துட்டாங்க. இதுதான் நடந்தது.

சட்டம் என்ன சொல்லுது?

சட்டமே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. இருக்கு. 1997-ல் வந்த டிராய் சட்டம், 1999-ல் டிராய் போட்ட கட்டண ஆணை, அதுக்கு வந்த திருத்தங்கள் எல்லாம் இருக்கு. அதில் ஒரு விதி இது: ஒரு வாடிக்கையாளர் ஒரு திட்டத்தில் சேர்ந்த நாளில் இருந்து ஆறு மாசத்துக்குள் அந்தத் திட்டத்தில் எந்தக் கட்டணத்தையும் கம்பெனி ஏத்தக் கூடாது. குறைக்கலாம், ஏத்தக் கூடாது. ஆறு மாசத்துக்கு மேல் செல்லும் என்று சொல்லி முன்பணம் வாங்கியிருந்தால், அந்தக் காலம் முழுசும் ஏத்தக் கூடாது. வாடிக்கையாளர் மட்டும் எப்போ வேணும்னாலும் வேறு திட்டத்துக்கு மாறலாம்.

கேட்க நல்லா இருக்குதுங்களா? நல்ல விதிதான். நம்ம ஊர் குத்தகை மாதிரி. ஒரு வருசத்துக்குக் குத்தகை பேசி, ஏர் ஓட்டி, விதைத்து, களை எடுத்த பிறகு, நாலாவது மாசம் நிலத்துக்காரர் வந்து "இன்னும் அஞ்சாயிரம் குடு, இல்லைன்னா எறங்கு"ன்னு சொன்னால் ஊர் ஒத்துக்குமா? ஒத்துக்காது. அதே நியாயத்தைத்தான் அந்த விதி சொல்லுது.

28 நாள் சூட்சுமம்

அப்புறம் எப்படி ஏத்துறாங்க? இங்கேதான் சூட்சுமம். நம்ம நாட்டில் செல்போன் வைத்திருக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்கூட்டியே காசு கட்டுகிற பிரீபெய்டுக்காரர்கள். நாம் போடும் பேக் 28 நாள். அந்த 28 நாளைக்குள் விலை ஏறாது. 29-ம் நாள் போடுவது புது ரீசார்ஜ், புது விலை. ஒரு வருசக் குத்தகையை 28 நாள் குத்தகையாகச் சுருக்கிட்டால், நடுவில் ஏத்த வேண்டிய அவசியமே வராது பாருங்க! மாசம் முடிஞ்சதும் புதுசாப் பேசிக்கலாம். பத்து வருசமா ஒரே கம்பெனி, ஒரே நம்பர்னு இருந்தாலும் கம்பெனி கணக்கில் நாம 28 நாளைக்கு ஒருதரம் புதுசா வர்ற ஆள். ஆறு மாசப் பாதுகாப்பு ஏட்டில் அப்படியே இருக்கு. நம்ம வீட்டு வாசலுக்கு வந்து சேரலை.

"நம்பரை மாத்திக்க வேண்டியதுதானே, யார் பிடிச்சு வெச்சாங்க?" என்று கேட்கலாம். ஆதாரில் அந்த நம்பர், பேங்கில் அந்த நம்பர், பட்டா மாறுதல் மனுவில் அந்த நம்பர், பால் சொசைட்டியில் அந்த நம்பர், பள்ளிக்கூடத்தில் அந்த நம்பர். ஆகவே பேருக்கு 28 நாள் ஒப்பந்தம், நடப்பில் ஆயுள் ஒப்பந்தம். நமக்கு ஆயுள், அவங்களுக்கு 28 நாள். இந்த ஓரவஞ்சனையைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

இதில் ஒரு சின்ன வெற்றியும் உண்டு. 28 நாள் கொள்ளையைப் பற்றி நாடு முழுக்கப் புகார் போனதால், 2022 ஜனவரியில் டிராய் ஒரு திருத்தம் போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் செல்லும் பேக் ஒன்றும், மாசாமாசம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் கட்டாயம் வைக்கணும் என்றது. ஆனா கடைக்காரர் அதை எடுத்துச் சொல்றாரா? நாம் கேட்கிறோமா? கேட்டால்தான் வரும்.

ஆயுள் முழுக்க என்றார்களே?

2005 கடைசியில் லைஃப்டைம் கார்டு வந்தது ஞாபகம் இருக்கும். 999 ரூபாய் கட்டினால் ஆயுசுக்கும் இன்கமிங் என்றார்கள். ஆட்டுக்குட்டியை வித்துக் கட்டினவங்க நம்மிலேயே உண்டு. 2006-ல் டிராய் என்ன சொன்னது? லைஃப்டைம் என்றால் அந்தக் கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கும்வரை. லைசென்ஸ் எந்த வருசம் எந்த மாசம் முடியுதுன்னு வாடிக்கையாளரிடம் சொல்லணும் என்றது. அதாவது ஆயுள் என்பது நம்ம ஆயுள் இல்லை, கம்பெனி லைசென்ஸ் ஆயுள். எத்தனை பேருக்கு இதை எடுத்துச் சொன்னாங்க?

அதைவிடக் கொடுமை ஏர்செல். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த கம்பெனி, நம்ம கிராமங்களில் பாதிப் பேர் கையில் அந்த சிம்தான். 2018 பிப்ரவரியில் சிக்னல் போச்சு, கம்பெனி திவால் மனு போட்டது. நம்பரைக் காப்பாத்திக்கிறதுக்காக ஜனங்க ஊர் ஊராக் கடை வாசலில் நின்னதைப் பார்த்தோம். அதே வருசம் ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒண்ணாச்சு. பத்துப் பன்னிரண்டு கம்பெனி இருந்த இடத்தில் மூணு தனியாரும் பி.எஸ்.என்.எல்.லும் மட்டுமே மிச்சம். சந்தையில் மூணு வியாபாரி மட்டும் நின்னா விலை யார் பேச்சுப்படி நடக்கும்னு தக்காளி விக்கிற நமக்குத் தெரியாதா?

சீமையில் என்ன நடந்தது?

இந்த வழக்கு நம்ம ஊரில் மட்டும் இல்லைங்க. இங்கிலாந்தில் ரெண்டு வருச ஒப்பந்தம் போட்டுத்தான் பெரும்பாலும் போன் வாங்குகிறார்கள். நடுவில் வருசா வருசம் விலைவாசி உயர்வு எவ்வளவோ அவ்வளவு, அதுக்கு மேல் 3.9 சதவீதம் என்று பல கம்பெனிகள் ஏத்திக்கிட்டு வந்தன. கையெழுத்துப் போடும்போது எவ்வளவு ஏறும்னு யாருக்கும் தெரியாது. அந்த நாட்டு ஆணையமான ஆஃப்காம் 2025 ஜனவரி 17-ல் இருந்து புது ஒப்பந்தங்களில் இதைத் தடை பண்ணியது. ஏத்துறதா இருந்தா, எந்த மாசம் எத்தனை பவுண்டு எத்தனை பென்ஸ் ஏறும் என்று விற்கும்போதே சொல்லணும் என்றது.

வருசம் திரும்பறதுக்குள்ளே என்ன ஆச்சு? 2025 அக்டோபரில் ஓ-டூ என்கிற கம்பெனி, மாசம் 1.80 பவுண்டு ஏறும்னு சொல்லியிருந்ததை 2.50 பவுண்டு ஆக்கிட்டோம் என்று அறிவித்தது. எப்படி முடிஞ்சது? சொன்னதைவிட ஏத்தினால் வாடிக்கையாளர் 30 நாளைக்குள் அபராதம் இல்லாமல் வெளியே போகலாம் என்று விதியில் ஒரு வழி இருந்தது. அந்தச் சந்தில் புகுந்தார்கள். அந்த நாட்டு ஆணையமே இது விதியின் நோக்கத்துக்கு விரோதம் என்று வருத்தப்பட்டது. இதில் நமக்கு ரெண்டு பாடம். ஒண்ணு, எவ்வளவு ஏறும் என்று முன்னாலேயே சொல்லு, இல்லைன்னா வெளியே விடு என்று கேட்பது நடக்கக்கூடிய கோரிக்கைதான். ரெண்டு, விதி போட்டதோட நம்ம வேலை முடியலை. வேலி போட்ட பிறகும் காவல் வேணும்.

கம்பெனி சொல்லும் நியாயம்

எதிர்த்தரப்பு நியாயத்தையும் கேட்போம். அலைக்கற்றை ஏலத்துக்கும் ஃபைவ்-ஜி டவருக்கும் கோடி கோடியாகப் போட்டிருக்கோம், உலகத்திலேயே இந்தியாவில்தான் கட்டணம் குறைவு என்கிறார்கள். 2024 ஜூலையில் மத்திய சர்க்காரும் இதையேதான் சொன்னது. கட்டணத்தைச் சந்தைதான் தீர்மானிக்குது என்று அறிக்கை விட்டது. நடைமுறை என்னவென்றால், கம்பெனி புதுக் கட்டணத்தை அமலுக்குக் கொண்டுவந்த பிறகு ஏழு வேலை நாளுக்குள் டிராயிடம் தெரிவித்தால் போதும்.

விலை ஏறவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. டீசல் ஏறுது, பொட்டாஷ் ஏறுது, கூலி ஏறுது. கம்பெனிக்கும் செலவு ஏறும், ஒத்துக்கிறோம். ஆனா மின்கட்டணம் ஏத்தணும்னா ஒழுங்குமுறை ஆணையம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தணும். 2022-ல் சென்னை, கோவை, மதுரையில் நடத்தினாங்க, உழவர்களும் போய்ப் பேசினாங்க. கோடிக்கணக்கான பேர் தலையில் ஏறும் செல்போன் கட்டணத்துக்கு ஒரு கூட்டம் உண்டா? கேள்வி உண்டா? ஏத்தின பிறகு ஒரு கடுதாசி மட்டும்தானா?

ஒரு பைசா, ரெண்டு பைசாவுக்குப் போராடினவங்கன்னு நம்மைக் கேலி பேசினவங்க உண்டு. மின்சார யூனிட்டுக்கு ஏத்தின அந்தப் பைசாக்களுக்காக 1970-ல் பெருமாநல்லூரிலும் 1972-ல் நம்ம சேலத்துப் பெத்தநாயக்கன்பாளையத்திலும் உழவர்கள் குண்டடிபட்டு உயிர் கொடுத்தாங்க. 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது என்றால் அந்தப் போராட்டங்கள் போட்ட விதைதான். ஆகவே இருபது ரூபாய் என்று யாரும் இளப்பமாகப் பேச வேண்டாம்.

நம்ம கையில் என்ன இருக்கு?

2024 ஜூலையில் ஜனங்க சும்மா இருக்கலை. அந்த ஒரே மாசத்தில் ஏர்டெல்லில் இருந்து சுமார் 17 லட்சம், வோடஃபோன் ஐடியாவில் இருந்து 14 லட்சம், ஜியோவில் இருந்து ஏழரை லட்சம் இணைப்புகள் குறைந்ததாக டிராய் கணக்குச் சொல்லுது. பி.எஸ்.என்.எல்.லில் 29 லட்சம் கூடியது. அப்போ அங்கே ஃபோர்-ஜி சரியாக இல்லாததால் வந்தவர்களைத் தக்கவைக்க முடியவில்லை. 2025 செப்டம்பர் கடைசியில்தான் அதன் ஃபோர்-ஜி நாடு முழுக்கத் தொடங்கப்பட்டது. ஆனாலும் ஒரு மாசம் நாம் காலை நகர்த்தினால் கம்பெனி கணக்கு ஆடும் என்பது தெரிஞ்சுபோச்சு.

2024 டிசம்பரில் இன்னொரு திருத்தம் வந்தது. நெட் வேண்டாதவங்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.சும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் கொடுக்கணும் என்று டிராய் உத்தரவு போட்டது. 2025 ஜனவரியில் வந்தது. ஏர்டெல்லில் 84 நாளைக்கு 469, வருசத்துக்கு 1,849 ரூபாய். ஜியோவில் 84 நாளைக்கு 448. விதியை மதிச்சாங்க, ஆனா ஒரே தடவையில் நானூத்தம்பது ரூபாய் எடுத்து வைக்கணும். அன்னன்னிக்குக் கூலி வாங்குற ஆளுக்கு அது ஆகிற காரியமா?

இனி ஒவ்வொருத்தரும் செய்ய வேண்டியது இது, குறிச்சுக்குங்க.

ரீசார்ஜ் பண்ணினதும் வர்ற எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காதீங்க. அதுதான் உங்க ஒப்பந்தப் பத்திரம். போட்ட பேக் காலம் முடியறதுக்குள் காசு பிடிச்சாலோ, சொன்னதைக் குறைத்தாலோ 198-க்குக் கூப்பிட்டு, புகார் எண் வாங்குங்க. எண் இல்லாத புகார் புகாரே இல்லை. பதில் திருப்தி இல்லைன்னா 30 நாளைக்குள் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்க. காசு கிடையாது, 39 நாளைக்குள் முடிவு சொல்லணும்.

அதிலும் நடக்கலையா? நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் காட்டி, போன் வழக்கு நுகர்வோர் கோர்ட்டுக்கு வராதுன்னு திருப்பி அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. குஜராத்தில் ஒரு வாடிக்கையாளர், 24 ஆயிரம் ரூபாய்க்கு மேல் பில் போட்டதை விடாமல் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. 2022 பிப்ரவரி 16-ல், செல்போன் கம்பெனி மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று தீர்ப்பு வந்தது. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அஞ்சு லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. ரெண்டு வருசத்துக்குள் போடணும். போனிலேயே யோசனை கேட்க 1915 இருக்கு.

கம்பெனி மாறணும்னா 1900-க்கு போர்ட் என்று எழுதி நம்பரோட அனுப்பினால் போதும். சேர்ந்து 90 நாள் ஆகியிருக்கணும். விலை ஏறப்போகுதுன்னு அறிவிப்பு வந்தால், அமலுக்கு வர்ற தேதிக்கு முன்னாலேயே பழைய விலையில் அடுத்த பேக்கைப் போட்டு வைக்க வழி இருக்கான்னு கேளுங்க. 2024-ல் பல பேர் அப்படித்தான் தப்பிச்சாங்க.

நம்முடைய கோரிக்கைகள்

1. ஆறு மாச விலைப் பாதுகாப்பு 28 நாள் பேக்குக்கும் பொருந்தணும். ஒரே பேக்கைத் தொடர்ந்து போடுகிறவருக்கு முதல் ரீசார்ஜில் இருந்து ஆறு மாசம் அதே விலை.

2. விலை ஏத்துவதற்கு 30 நாள் முன்னால் தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பணும்.

3. பெரிய அளவில் கட்டணம் ஏறும்போது டிராய் முன்கூட்டியே பரிசீலித்து, மாநிலம்தோறும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தணும்.

4. பேச்சு மட்டும் உள்ள பேக்கை 30 நாள் அளவில், ஏழைக்கு எட்டும் விலையில் தரணும். பேக் முடிந்தாலும் இன்கமிங்கும் ஓ.டி.பி.யும் நிற்கக் கூடாது.

5. மோட்டார் ஸ்டார்ட்டர் சிம்முக்கு வருசத்துக்கு ஒரே தடவை கட்டுகிற தனிக் கட்டணம் வேணும்.

6. கிராமங்களில் பி.எஸ்.என்.எல். டவர்களுக்கு மின்சாரமும் பராமரிப்பும் தடையில்லாமல் இருக்கணும். போட்டி இருந்தால்தான் விலை அடங்கும்.

இந்த மனுவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஊருக்கு ஒன்றாகக் கொடுக்கப் போகிறோம். ஆட்சியர் வழியாக டிராய்க்குப் போகட்டும். ஒவ்வொரு மனுவோடும் அந்த ஊர்க்காரர் பத்துப் பேருடைய ரீசார்ஜ் கணக்கு இணைக்கப்படும். எந்தத் தேதியில் எவ்வளவு போட்டோம், அடுத்த தடவை எவ்வளவு ஏறியது என்று எழுதிக் கொண்டுவாங்க. எழுதத் தெரியாதவங்க போனைக் கொண்டுவாங்க, நம்ம பிள்ளைகள் பார்த்து எழுதித் தருவார்கள்.

குச்சிக்கிழங்கு லோடு எடைமேடை ஏறின பிறகு மில்லுக்காரர் விலையைக் குறைச்சால் நாம் லாரியைத் திருப்பியிருக்கோம். பேசின விலை பேசினபடி நிற்கணும் என்பது நம்ம சந்தை தர்மம். செல்போன் கம்பெனிக்கு மட்டும் அது விதிவிலக்கு இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணி. கையில் போன், பையில் கணக்கு. வீட்டுக்கு ஒருத்தராவது வாங்க.